அங்கம்மா வாங்கி வந்த நாலு கம்பி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. காசிமேட்டில் லாஞ்சுகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சும்மா நின்றன. லாஞ்சு டிரைவர் சுப்புராயன் காலையிலிருந்து இன்ஜினைப் பிரித்துத் துடைத்துவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு வந்தான். கட்டிலின் மேல் ஒரு புது கிட்டார் கிடந்தது. பக்கத்தில் அவன் மனைவி, மீன்காரி அங்கம்மா, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாது இது?"

"பாத்தா தெர்ல? கிட்டாரு. பிராட்வேல வாங்கினேன்."

கல்யாணத்துக்கு முன்பே திருவிழாக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தவன் சுப்புராயன். லாஞ்சில் வலை இழுக்கும் விஞ்சுக் கயிற்றில் இடது கை சிக்கியதிலிருந்து மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதில்லை. ஆறு கம்பிகளை மீதி இரண்டு விரலால் ஆள முடியாமல் பழைய கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டான். அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

கூடச் சாப்பிட வந்த அர்ஜுன், அதே லாஞ்சில் வேலை செய்பவன், கிட்டாரை எட்டிப் பார்த்தான். "இன்னா மாமு, நாலு கம்பிதான் கீது? மீதி ரெண்ட அக்கா மீனோட சேத்து வித்துட்டாங்களா?"

"வாய மூட்றா. இது டெனர் கிட்டாரு. இதுக்கு நாலுதான்," என்றாள் அங்கம்மா.

கடைக்காரரிடம் அவள் தன் இடது கையை நீட்டி, இரண்டு விரலை விறைப்பாக வைத்துக் காட்டி, "இப்டி கீற கைக்கு இன்னா கீதோ அத்த குடுங்க" என்று கேட்டாளாம். அவர் உள்ளே போய்த் தேடி இதை எடுத்து வந்தாராம். "வெல கம்மிதான்யா. அத்த மட்டும் கேக்காத," என்றாள் புருஷனிடம்.

சுப்புராயன் உட்கார்ந்து மடியில் வைத்தான். எடையே இல்லை. மலிவு சாமான்தான். கிட்டார் கழுத்தின் ஓரம் சரியாகத் தேய்க்கப்படாமல் உள்ளங்கையைச் சுரண்டியது. சுருதி சேர்க்கும் முறுக்காணி ஒன்று இறுக்கமாகத் திரும்பியது. ஆனால் கழுத்து ஒல்லி. கட்டை விரல் சுலபமாகச் சுற்றி வந்தது. ஆறு கம்பிக் கிட்டாரில் அவனுக்குப் பழக்கமான மெல்லிய நாலு கம்பிகளின் வரிசையிலேயே கடைக்காரர் சுருதி சேர்த்திருந்தார்.

சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டைப் பிடித்தான். விரல் நழுவியது. ஒலி அமுங்கிப் போய், ஈரத் துணியில் தட்டியதுபோல் வந்தது.

தன் கையில்தான் இன்ஜின் ஆயில் என்று எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடி பிடித்தான். மறுபடி வழுக்கியது. இன்னும் அழுத்தினான். விரல் நுனி வலித்ததே தவிரக் கம்பி நிற்கவில்லை.

"அவ்ளோதான், அங்கம்மா. கை செத்துப்போச்சு," என்று கிட்டாரைக் கீழே வைத்தான். "நீ இவ்ளோ யோசிச்சு வாங்கியாந்தியே. அது போதும். திருப்பிக் குடுத்துடு."

அர்ஜுன் தட்டைப் பார்த்துக்கொண்டான். அங்கம்மா கிட்டாரைத் தூக்கித் தடவினாள்.

"இன்னாய்யா இப்டி சொல்ற? துரு புடிக்கக் கூடாதுன்னு கம்பிக்கு நல்லா எண்ணெகூட வுட்டேனே."

"இன்னா வுட்ட?"

"உன் இன்ஜின் ஆயிலுதான். உப்புக் காத்துல இரும்ப சும்மா வுடுவாங்களா?"

துறைமுகத்தில் நங்கூரத்துக்கும் கப்பிக்கும் எல்லோரும் செய்வதைத்தான் அவள் கிட்டாருக்கும் செய்திருந்தாள். வருஷக்கணக்காக அந்த வாசனை அவன் உடம்போடு ஒட்டியே இருந்ததால் மூக்குக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

அர்ஜுனுக்குப் புரையேறிவிட்டது. "அக்கா, கிரீஸும் வெச்சிருந்தா மாமு இத்த ஓட்டிக்கினே கடலுக்குப் போயிருப்பாரு!"

"சிரிக்காதடா பேமானி! அந்த மண்ணெண்ணெய எடு," என்றான் சுப்புராயன்.

மூவரும் உட்கார்ந்து துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார்கள். கழுத்தையும் துடைத்தார்கள். பிறகு அவன் பிடித்தான். கம்பி நின்றது. நாலும் சேர்ந்து கணீரென்று ஒலித்தன. அடுத்த கார்டு கொஞ்சம் தடுமாறி வந்தது. அதற்கடுத்தது தானாகவே வந்தது.

சுப்புராயன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"சோறு ஆறிப்போவுது," என்றாள் அங்கம்மா.

"ஆறட்டும். இப்டி வந்து பக்கத்துல குந்து."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.