'ம்' சொன்னவனுக்குப் பொன்னாடை

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிளக்ஸ் கடை. அங்கே இரண்டு நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான், இன்னொன்றில் அவன். இரண்டு பேரும் மேட்டர் போடுகிறவர்கள். படத்துக்குக் கீழே வருகிற எழுத்துக்கு எங்கள் தொழிலில் மேட்டர் என்று பெயர். கல்யாணமும் காதுகுத்தும் எனக்கு. சாவு அவனுக்கு.

மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மண்டப வாசலில் வைப்பார்களே, 'இன்றோடு பேச்சுரிமை இழக்கும் எங்கள் தங்கமே' என்று, அந்த மாதிரி எல்லாம் என் கைவரிசை. பொண்ணு வீட்டுக்காரர்கள் கிழித்துப் போட்ட பிளக்ஸ் கூட உண்டு. அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பொழுது சாய்வதற்குள் சுவரில் ஒட்ட வேண்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவனுடையது. அதை யாரும் கிழிப்பதில்லை. மழை வந்து கிழித்தால்தான் உண்டு, எங்கள் ஊரில் அதற்கும் வழியில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாவதோடு வெளியே வந்து பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியவன். அவன் எட்டாவது வரை போனவன், புதூர்ப் பக்கத்து ஆள், பேச்சில் கருமி. டீ வேணுமா என்று கேட்டால் தலையாட்டுவான். அது ஆமாவா இல்லையா என்று டீக்கடைக்காரருக்கே தெரியாது.

இப்படி இருந்த கடைக்குத்தான் ஒரு டீச்சர் வந்தார். தூத்துக்குடிக்காரர், கல்லூரியில் வேலை. எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதை ஆராய்ச்சி செய்கிறாராம். பிள்ளைகளிடம் கட்டுரை எழுது, எழுது என்கிறோம், எழுதும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று நமக்கே தெரியாது, அப்புறம் எதைச் சொல்லிக்கொடுப்பது என்றார். அதற்காகத் தினமும் எழுதியே பிழைக்கிறவர்களைத் தேடி வந்திருக்கிறார். எழுதிப் பிழைக்கிறவன் என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியிடம் சொன்னேன். அப்படியா, நான் எழுதிக் குடுத்த மளிகைச் சாமான எங்க காணோம் என்றாள்.

ஆராய்ச்சி முறை இதுதான். கேமரா ஓடும். நாங்கள் வழக்கம்போல மேட்டர் போட வேண்டும். போடும்போது மனசில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுதும்போது இன்னொருவர் கடைக்குள் இருக்கக்கூடாது. நாம் சும்மா இருந்தால் டீச்சர் 'பேசுங்க' என்று மட்டும் சொல்வார், வேறு எதுவும் கேட்க மாட்டார். முடிவில் எங்கள் இரண்டு பேரில் ஒருவருடைய பதிவை, வாத்தியாராகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்லூரியில் போட்டுக் காட்டுவார். அந்த ஆளையும் மேடைக்குக் கூப்பிடுவார்.

கேட்டதுமே முடிவு செய்துவிட்டேன், மேடை எனக்குத்தான். வாய்விட்டுப் பேசுவது ஒரு பரீட்சை என்றால் அதில் ஊமையோடு போட்டி போடச் சொல்கிறார்களே என்று அவனுக்காகப் பாவப்பட்டேன்.

ஆனாலும் தயார் ஆகாமல் போகக்கூடாது அல்லவா? முதல் நாளே என் மனசில் என்ன ஓட வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, நல்லதாகப் பொறுக்கி, மனப்பாடம் செய்தேன். மறுநாள் கேமரா முன்னால் மனசைத் திறந்துவிட்டேன். 'இங்கே மாப்பிள்ளையைச் சிங்கம் என்று போடலாமா? போடலாம், கூண்டு நாளைக்குத்தானே வருகிறது' என்ற மாதிரி, இடத்துக்கு இடம் ஒன்று. டீச்சர் சிரித்தார். கேமரா பிடித்தவரும் சிரித்தார். கடை முதலாளி கூட வெளியே இருந்து எட்டிப் பார்த்தார். முடித்ததும் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

டீச்சர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, எனக்குச் சொல்லாதீங்க. உங்களுக்கே சொல்லிக்கிடுங்க."

"எனக்கு நானே சொன்னா சிரிப்பு வர மாட்டேங்கு டீச்சர்."

"அதைத்தான் கேக்கேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடைக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டு, மேடைப் பேச்சு வேண்டாம் என்றால் என்ன செய்வது?

அடுத்து அவன் முறை. நான் வெளியே போய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. கரிசல் புழுதி அப்பிய கண்ணாடிக் கதவைக் கைலி நுனியால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். சத்தம் கேட்காது, வாய் மட்டும் தெரியும். அவன் வாய் அசைகிற மாதிரியே தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்புறம் டீச்சரின் கையைப் பார்த்தேன். பேனா ஓடிக்கொண்டிருந்தது. இவன் உத்தரத்தைப் பார்க்கிறான், அவர் எழுதுகிறார். இவன் தாடையைச் சொறிகிறான், அவர் எழுதுகிறார். எப்போதாவது உதடு லேசாக ஒட்டிப் பிரிந்தது. அதை 'ம்' என்றே எடுத்துக்கொண்டேன், பக்கத்திலேயே இருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன 'ம்'. அதற்கு டீச்சர் பக்கத்தையே திருப்பி எழுதினார்.

என் வயிற்றில் எரிந்ததை வைத்து ஒரு தீப்பெட்டி ஆபீஸே நடத்தியிருக்கலாம். நான் பேசிய பேச்சுக்கு மூடிக் கிடந்த பேனா, அவன் பேசாததற்கு ஓடுகிறது. பேசுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்படலாம், அதில் ஒரு கௌரவம் உண்டு. சும்மா இருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுநாள் நானும் பேசாமல் இருந்தேன். உத்தரத்தைப் பார்த்தேன். தாடையைச் சொறிந்தேன். டீச்சர் 'பேசுங்க' என்றார். பொறுமையாக ஒரு 'ம்' விட்டேன். அந்த 'ம்' அவருடையது அண்ணாச்சி, உங்களுடையது எங்கே என்று கேட்டார். திருட்டுக் கோழியோடு பிடிபட்டவன் மாதிரி முழித்தேன்.

மேடை அவனுக்குப் போனது.

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் போகாமல் இருந்தால் அவன் அங்கே எப்படித் தடுமாறினான் என்று யார் எனக்குச் சொல்வார்கள்? அவன் சொல்ல மாட்டான். அதனால் நானும் கூடவே பஸ் ஏறினேன். எட்டயபுரம் ரோட்டில் கல்லூரி. பிள்ளைகள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் ஒதுங்கினேன். அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கும்பிடக்கூடத் தெரியாமல், குளிருக்குப் போர்த்தியது மாதிரி இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

பதிவைத் திரையில் போட்டார்கள். அன்றைக்கு அவனுக்கு வந்திருந்தது ஒரு அம்மாளின் போஸ்டர். பிள்ளை பெறாத அம்மாள், தங்கச்சி பிள்ளைகளை வளர்த்தவர். நானாக இருந்தால் பழைய போஸ்டரைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். திரையில் அவன் 'அன்புத் தாயார்' என்று அடித்தான். நின்றான். அழித்தான். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. டீச்சர் குரல் 'பேசுங்க' என்றது. முணுமுணுப்பாக அவன் குரல் வந்தது.

"தாயார்னு போட்டா, பெத்தவ உயிரோட இருக்கா, அவளுக்குச் சங்கடம். பெரியம்மான்னு போட்டா வளத்தவளுக்குச் சங்கடம். ம்... அவன் இருந்தா இங்கன என்ன போடுவான்?"

திரையில் அவன் வாய்க்குள் சிரிப்பதுபோல இருந்தது.

"சிரிப்பு வந்துரும். வேண்டாம்."

வகுப்பே சிரித்தது. அந்த 'அவன்' நான்தான். அதோடு விடவில்லை. அந்தப் பதிவு முழுக்க, அவன் முட்டி நிற்கிற இடத்திலெல்லாம் நான் வந்தேன். 'அவன் என்ன சொல்வான், இங்கே ஏதாவது சேட்டை செய்வான், வேண்டாம்.' எழுதுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதை மட்டும் விட்டுவிட்டு மீதி உலகத்தில் உள்ளதை எல்லாம் யோசிக்கிறான். கடைசியில் 'எங்களை வளர்த்த தாய்' என்று அடித்து, சரி என்றான்.

எழுதுகிற எல்லோருக்குள்ளும் இப்படி ஒரு ஆள் நிற்பார், அந்த ஆளோடு பேசித்தான் வார்த்தை வருகிறது, இதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை என்று டீச்சர் விளக்கினார். அந்த ஆள் இங்கேயே வந்திருக்கிறார் என்று என் பக்கம் கை காட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது. பெருமைப்படுவதா, மானநஷ்ட வழக்குப் போடுவதா என்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

"உங்களுக்குள்ள யாரு நிக்காவ அண்ணாச்சி?" என்று டீச்சர் கேட்டார். பேனா கையில் திறந்தே இருந்தது.

எனக்குப் பதில் தெரியும். அந்த நொடியில்தான் தெரிந்தது, ஆனாலும் தெரியும். முன் வரிசையில் பொன்னாடைக்குள் இருந்த அந்த முதுகைப் பார்த்தேன். எத்தனையோ தலைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்படிப் பார்த்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"எம் பொண்டாட்டிதான் டீச்சர். சோறு ஆறிப்போச்சுன்னு நிக்கா."

நல்ல கைதட்டல். டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனிடம் கேட்டேன். "ஏலே, நான் சொன்னா வேண்டாம்னு தள்ளத்தான், தினமும் என்னைய நினைக்கியா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். கோவில்பட்டி வரப்போகிற நேரத்தில் வாயைத் திறந்தான்.

"எழவு வீட்டுக்கு நீ ஆவமாட்ட மாப்ள. ஆனா நீ இல்லாம எனக்கு வராது."

அவன் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே இல்லை. அதற்கு ஒரு கேமரா இல்லை என்று அங்கேயும் எனக்கு எரிந்தது.

இப்போது அந்தப் பொன்னாடை கடையில்தான் இருக்கிறது. புழுதி விழாமல் இருக்க அவன் கம்ப்யூட்டருக்கு மேல் போர்த்திவைக்கிறான். காலையில் அதை அவன் உருவி மடிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். நேற்று கடம்பூரில் இருந்து ஒரு கல்யாண மேட்டர் வந்தது. 'எங்கள் வீட்டு மின்னலுக்கு இன்று இடிதாங்கி கிடைத்தது' என்று அடித்தேன். நல்ல வரி என்றுதான் நினைத்தேன். தலையைத் திருப்பி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அவன் என் திரையைப் படித்தான். உதட்டின் ஓரம் அசையவில்லை.

அழித்துவிட்டு, "ம்" என்றேன். அது என்னுடையதுதான். எழுதிக்கொள்ள டீச்சர்தான் இல்லை.