நஜ்மாவை ஏத்திக்கிட்டுப் போன நூஹு காக்கா

நூஹு காக்கா குதிரையை ஏத்திக்கிட்டு ரோட்டுக்கு வந்தா, மணல்ல போற ஒட்டகமே பாவப்பட்டு நின்னு, "நீங்க முன்னாடி போங்க"ன்னு வழி விடும். அம்புட்டு நிதானம். கீழக்கரையிலேர்ந்து கடை வேலைக்கு வந்த மனுஷன், ஷார்ஜாவுக்கு அந்தாண்ட ஒரு அர்பாப்போட, அதாவது அரபி முதலாளியோட, குதிரை லாயத்துல டிரைவராகி பதினோரு வருஷமாச்சு. பிக்கப்புக்குப் பின்னாடி டிரெய்லர், டிரெய்லருக்குள்ள குதிரை. இத்தனை வருஷத்துல ஒரு குதிரைக்கும் ஒரு கீறல் கிடையாது. மூணாங்கிளாஸ் தாண்டாத ஆளுக்கு அதுதான் டாக்டர் பட்டம்.

கிளம்புறதுக்கு முன்னாடி கொக்கியை ஆட்டிப் பாப்பாரு, சங்கிலியை இழுத்துப் பாப்பாரு, அடிப்பலகையில ஏறிக் குதிச்சுப் பாப்பாரு.

குதிரை பாக்குற யஹ்யாவுக்கு வாய் சும்மா இருக்காது. "காக்கா, நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள குதிரைக்கு நரை விழுந்துரும்."

"விழட்டும்டா. நடுரோட்டுல அது விழாம இருந்தாச் சரி."

அந்த வெள்ளிக்கிழமை நஜ்மாங்கிற குதிரையைக் கொண்டுபோகணும். மறுநாள் அபுதாபியில ரேஸ். அர்பாப் தன் புள்ளைக பேரை மாத்திக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாரு, நஜ்மா பேரு மட்டும் தப்பாது. அதுவும் காக்கா முன்னால ஏறி நின்னாத்தான் டிரெய்லர்ல காலை வைக்கும்.

முதநாள் சாயங்காலம் அர்பாப் மகன் ஜைத், கூட்டாளிகளோட மணல்மேட்டுல ஓட்ட அந்தப் பிக்கப்பை எடுத்துட்டுப் போயிருந்தான். மணலுக்குப் போனா டயர்ல பாதிக் காத்தை இறக்கி விடுவாங்க, இல்லேன்னா புதைஞ்சுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்தணும். ஜைத் முன்டயர் ரெண்டுக்கும் ஏத்தினான். அதுக்குள்ள யாரோ போன் பண்ண, பின்டயரை மறந்துட்டான்.

காலையில காக்கா எல்லாத்தையும் பாத்தாரு. பின்டயர் அமுங்கித்தான் இருந்துச்சு. குதிரையை ஏத்தியாச்சுல்ல, அந்தப் பாரத்துல அமுங்கியிருக்குன்னு நெனச்சுட்டாரு.

ஹைவேயில ஒரு பெரிய டிரக் உரசுற மாதிரித் தாண்டுச்சு. அந்தக் காத்துல பிக்கப்போட பின்பக்கம் நெளிஞ்சுது. டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சுது. காக்கா பிரேக்கை மிதிக்கல. மிதிச்சிருந்தா மொத்தமும் கவுந்திருக்கும். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தாரு, ஸ்டியரிங்கை நேரா இறுக்கிப் புடிச்சாரு. வண்டி ஓரத்துல நின்னுச்சு. கவுழல. உள்ள 'தடால்'னு ஒரு சத்தம் மட்டும்.

நஜ்மா விழுந்து கெடந்துச்சு. முன்னங்கால் ஒடிஞ்சு வேற திசையில திரும்பியிருந்துச்சு. கதவைத் தொறந்ததும் காக்காவைப் பாத்து எந்திரிக்கப் பாத்துச்சு. "வேணாம்மா, வேணாம், படு"ன்னு அது கழுத்தைக் கட்டிக்கிட்டாரு. குதிரை டாக்டர் வந்து காலைப் பாத்தாரு, தலையை ஆட்டிட்டு, வலி தெரியாம முடிச்சு வைக்கிற ஊசியை எடுத்தாரு.

அர்பாப் மகனையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. டயரைக் காலால தட்டிப் பாத்தாரு. "நூஹு, காத்து பாக்கலயா?"

ஜைத் மணலையே பாத்துக்கிட்டு நின்னான். கல்யாணம் பேசி வச்சிருக்கிற ஆம்பள, வாய்க்குள்ள நாக்கு இருக்கான்னே தெரியல.

"பாத்தேன், அர்பாப். பாரத்துல அமுங்குச்சுன்னு விட்டுட்டேன்."

அர்பாப் திட்டல. தோள்ல கை வச்சு, "கலாஸ், முடிஞ்சுது, விடு. திங்கக்கிழமை அந்தச் செவலைக் குதிரையைக் கொண்டுபோ"ன்னாரு. ரெண்டு அறை விட்டு ஊருக்கு அனுப்பியிருந்தா, காக்கா விமானத்துலயாவது தூங்கியிருப்பாரு.

திங்கக்கிழமை ஆறு டயருக்கும் பத்துத் தடவை காத்து பாத்துட்டுக் கிளம்பினாரு. ஹைவேயில நத்தை வேகம். பின்னாடி ஹாரன் அடிக்காதது லைட்டுக் கம்பம் மட்டுந்தான். கடைசியில போலீஸ்காரர் ஓரங்கட்ட வச்சு, உருதுல கேட்டாரு: "பாய், ஏன் இப்படி ஊர்ந்து போறீங்க?"

"பின்னாடி ஆடுது, சார்."

அவரு சுத்தி வந்து, கொக்கியை ஆட்டிப் பாத்தாரு. செவலை உள்ள புல்லு மென்னுக்கிட்டு இருந்துச்சு. "ஒண்ணும் ஆடலயே?"

"இப்பவும் ஆடுது, சார்."

இஞ்சின் ஆஃப். சாவி போலீஸ்காரர் கையில.

வேற டிரைவரைக் கூட்டிக்கிட்டு யஹ்யா வந்து சேர ஒரு மணி நேரமாச்சு. அதுவரைக்கும் காக்கா ஸ்டியரிங்கை விடவே இல்ல.

"காக்கா, விடுங்க. வந்துட்டோம்."

"விட்டா விழுந்துரும்டா."

யஹ்யா கேலி பேசல. பக்கத்துல ஏறி உக்காந்து, விரல் விரலாப் பிரிச்சான். அஞ்சாவது விரலுக்கு வர்றதுக்குள்ள, முதல் விரல் மறுபடியும் புடிச்சுக்கிச்சு.