மெடிக்கல் சீட்டை விட்ட ஸ்பானியர்

“…மெடிக்கல் சீட்ட விட்டுப்போட்டுப் பந்துக்குப் பின்னால ஓடுனானுங். ஆச்சா? முப்பது வயசத் தாண்டலீங். போய்ச் சேந்துட்டான்.”

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஈரப் புல்லும் பெட்ரோல் புகையும் கலந்த அந்த வாடை சன்னல் வழியாக வந்ததும், சென்னியப்பன் அண்ணன் குரலும் கூடவே வந்துவிட்டது. மூக்கிலிருந்து காதுக்கு உள்ளுக்குள்ளேயே ஏதோ குறுக்கு வழி இருக்கிறது போலும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் நியூ ஜெர்சிக்கு வந்தபோது, வெஸ்ட் வின்ட்சரில் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் குடியிருந்தேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என்னிடம் கார் கிடையாது. ஆகவே அவர் போகும் இடமெல்லாம் நானும் போவேன், அவர் பேசுவதையெல்லாம் நானும் கேட்பேன். வாடகையில் அதுவும் சேர்த்திதான். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் பிறர் வாயிலிருந்து பொறுக்கியது.

ஸ்பானியர் யார் என்கிறீர்களா? அண்ணன் மகள் பிரியா அப்போது ஏழாவது படித்தாள். ஸ்பானிஷ் வகுப்பில், ஸ்பெயினில் பிறந்த யாராவது ஒருவரின் வாழ்க்கையைப் பெற்றோர் முன்னால் ஸ்பானிஷிலேயே பேசிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் ராஜா, ராணி, ஓவியர் என்று பிடித்துக்கொள்ள, இவள் நூலகத்தில் குடைந்து ஓர் ஆதிகாலத்துக் கால்பந்து ஆட்டக்காரரைக் கண்டுபிடித்தாள். அந்த நாட்டில் கால்பந்து அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. மழையில் ஊறினால் பூசணிக்காய் கனம் கனக்கும் தோல் பந்து. அதைத் தலையால் முட்டிக் கோல் போட்ட மனிதர். டாக்டருக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு ஆட வந்தவர். ஆடியது சில வருஷம். பிறகு ஏதோ காய்ச்சல். முப்பதுக்குள் கதை முடிந்தது.

பிரியாவும் பந்து ஆடுகிறவள்தான். ஊர் அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து விழுந்தது. சனிக்கிழமை காலை என்றால் எடிசன் என்ற ஊரில் கணக்கு டியூஷன். அண்ணனுக்கு அது சூரிய உதயம் மாதிரி. யாரும் தள்ளிவைக்க முடியாது. அவளுக்கு அணியில் இடம் வேண்டும், அவருக்குக் கணக்கு வேண்டும். நடுவில் அந்த ஸ்பானியர், செத்தும் நிம்மதியில்லாமல் வந்து மாட்டிக்கொண்டார்.

மகள் முதலில் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்ததை அண்ணன் படித்தார். காய்ச்சல் கண்ணிலேயே படவில்லை. மெடிக்கல் சீட்டை விட்டதுதான் பட்டது. நம் ஜனங்களுக்கு அது போதாதா? சீட்டை விட்டான், செத்தான். அதற்கு மேல் டாக்டர் சர்டிபிகேட் எதற்கு?

அதன் பிறகு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்து எந்த வீட்டில் ஆனாலும் அண்ணன் கையில் புளியோதரை, வாயில் ஸ்பானியர். வீட்டுக்கு வீடு அந்த மனிதருக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. பொங்கலுக்கு இருபத்தைந்து என்றார். சித்திரை பிறப்பதற்குள் மீசை முளைக்காத பையனாகச் செத்துக்கொண்டிருந்தார் பாவம். காய்ச்சலும் போய், பந்து பட்டே உயிர் போனது என்றாகிவிட்டது.

சபையும் லேசுப்பட்டதல்ல. அத்தனை பேரும் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி பிசகினால் ராத்திரி தூங்காதவர்கள். ஒருவர்கூட அந்த வயதைப் பற்றிக் கேட்கவில்லை. ஓர் ஆன்ட்டி, அவருக்கு யாராவது பெண் கொடுத்தார்களா என்று கவலைப்பட்டார். இறந்த பிறகு ஊரில் சிலை வைத்தார்கள் என்று பிரியா சொன்னாள். தயிர்வடையிலிருந்து தலையைத் தூக்காமலே ஓர் அங்கிள் கேட்டார்:

“சிலைக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டாம்மா?”

எல்லாரும் சிரித்தோம். பிரியா சிரிக்கவில்லை. “அப்பா, ஹீ டைடு ஆஃப் ஃபீவர். டாக்டர்ஸ் ஆல்ஸோ டைடு,” என்றாள்.

“டாக்டருங்க செத்தா அது வேற, கண்ணு,” என்றார் அண்ணன்.

அவள் பேச வேண்டிய நாள், அந்தச் சனிக்கு முந்தின சாயங்காலம். அண்ணனும் நானும் போய்ப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். இருவருக்கும் ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாது. பிரியா தாள் இல்லாமல் பேசினாள். முடித்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து, அண்ணன் எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

காரில் ஏறியதும் கேட்டார், “கடைசியா என்ன கண்ணு சொன்னே? டீச்சரம்மா அழுகறாங்க?”

“ஹிஸ் டாட் நெவர் கேம் டு சீ ஹிம் ப்ளே.”

மகன் ஆடுவதை அப்பா ஒரு நாளும் வந்து பார்க்கவில்லையாம். அண்ணன் புருவத்தைச் சுருக்கினார். “அது நீ எழுதுனதுல இல்லியே. நாந்தான் படிச்சனே.”

எப்போதும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் பெண், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தமிழில் சொன்னாள்: “நீங்க அவர் வயச மாத்தினீங்க. நான் அவர் அப்பாவ மாத்தினேன்.”

அண்ணன் இண்டிகேட்டரைப் போட்டு, வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

ஊர் அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த அந்த மைதானம் இப்போது வரிசை வீடுகளாகிவிட்டது. பாட்லக்கும் போய் கேட்டரிங் வந்தாயிற்று. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பனீர். அதையெல்லாம் சொல்லி நான் அழப்போவதில்லை. இன்றைக்கு நம்மவர் பிள்ளைகள் அத்தனை பேரும் பந்து ஆடுகிறார்கள். ஆறு வயதிலேயே தனிக் கோச். டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்ட அதே முகத்தோடு அப்பாக்கள் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒன்றுக்கும் உதவாத ஆட்டம், அப்பாவோடு மல்லுக்கட்டித்தான் ஆடவேண்டிய ஆட்டம் என்று ஒன்று இருந்ததே, அதுதான் எங்கேயும் காணோம். அது காணாமல் போகத் தொடங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

பிரியா ஸ்பானிஷில் பேசியதற்கு மறுநாள், அந்தச் சனிக்கிழமை காலை, எடிசனில் காய்கறி வாங்கலாம் என்று நானும் காரில் தொற்றிக்கொண்டேன். பிரியா மடியில் கணக்குப் புத்தகம். சிக்னலில் அண்ணன், எடிசன் போகும் பக்கம் திரும்பாமல், மைதானத்தின் பக்கம் திருப்பினார். வண்டி நிற்பதற்குள் அவள் டியூஷன் பையைக் கவிழ்த்தாள். பந்தாடும் ஷூ அதற்குள்ளேயேதான் இருந்தது. ஓடிவிட்டாள்.

அண்ணன் என்ஜினை ஓடவிட்டபடியே இறங்கிப் போய், கோச்சிடம் தன்னைச் சொல்லிக்கொண்டார். கேட்ட முதல் கேள்வி, இதைக் காலேஜ் அப்ளிகேஷனில் போட முடியுமா என்பதுதான். கோச் வெள்ளைக்காரர், நல்ல மனிதர். ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற கேள்விக்குக் கொஞ்சம் விழித்துவிட்டு, போடலாம் என்றார். அண்ணனுக்குத் திருப்தி. இப்போதே கிளம்பினால்கூடப் பாதி டியூஷன் கிடைக்கும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

மைதானத்தின் நடுவிலிருந்து பிரியா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வண்டி இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்த்திருப்பாள்.

அண்ணன் கார் கதவைத் திறந்தார். உள்ளே குனிந்து என்ஜினை அணைத்தார்.