ராசாவில் இன்னும் வெயில்

கடலோரத்துக் கோலா சிலாங்கூரில் அன்பரசியின் வீட்டில் இரண்டு துடைப்பங்கள் உண்டு. ஒன்று கதவு மூலையில் சாய்ந்திருப்பது. இன்னொன்று அவளுடைய லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஒரே வரியாக இருப்பது. இரண்டையும் அவள் ஒரே நேரத்தில்தான் எடுப்பாள்: சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றுவதற்குச் சற்று முன்பு. விளக்கு வைத்த பிறகு கூட்டினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பது தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தபோதே அவளுக்குள் ஊறிப்போன விஷயம். "லட்சுமி சர்வருக்குள்ளயும் குடியிருக்காங்களா?" என்று கணவன் தேவன் ஒருநாள் கேட்டான். "எதுக்கு வம்பு?" என்றாள் அன்பரசி. பதில் தெரியாதபோதெல்லாம் அவள் சொல்கிற பதில் அது.

அவளுக்கு என்ன வேலை என்று அந்தத் தாமான் குடியிருப்பில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கன்டெய்னர் பாக்குறேன்" என்று ஒருமுறை சொல்லப்போக, கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிற தேவனோடு இவளும் கூடப் போகிறாள் என்று எதிர்வீட்டு அமராவதி முடிவு கட்டிவிட்டாள். அமராவதியைக் குற்றம் சொல்லவும் முடியாது. சமையல் வாசனையோடு நைட்டியில் உட்கார்ந்து ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்?

விஷயம் இதுதான். ரவாங்கில் மகேந்திரன் என்பவர் ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறார். செம்பனைத் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் வேண்டிய மென்பொருளைச் செய்து கொடுப்பது தொழில். வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டில். இப்போதெல்லாம் பாதிக்கு மேல் எழுதுவது ஏஐதான். இன்னது வேண்டும் என்று சொன்னால் போதும், மளமளவென்று எழுதித் தள்ளிவிடும். ஆனால் கைவைத்த இடத்தில் எதை மாற்றும், எதை அழிக்கும் என்று சொல்ல முடியாது. புதிதாக வேலைக்கு வந்தவரிடம் முதல் நாளே பீரோ சாவியைக் கொடுப்போமா? அதனால் சர்வருக்குள் அதற்கென்று தற்காலிகமாக ஒரு தனி அறையைத் திறந்து, உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அது என்ன கூத்தடித்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது. அந்த அறைக்குத்தான் கன்டெய்னர் என்று பெயர். வேலை முடிந்ததும் வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு அறையையே இல்லாமல் ஆக்கிவிடலாம். திறப்பது, நிறுத்துவது, அழிப்பது எல்லாமே டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையில் கமாண்ட் தட்டிச் செய்கிற வேலை. அதை மேற்பார்வையிடுவதுதான் அன்பரசியின் உத்தியோகம்.

சர்வர் சின்னது. ஆகவே அவள் இரண்டு சட்டங்கள் போட்டிருந்தாள். எழுந்து போகிறவர்கள் தங்கள் கன்டெய்னரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நிறுத்தினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். திரும்பி வந்து எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது சட்டம், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லோரும் தங்கள் வேலையை வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு நிறுத்தி வைத்திருப்பவை எல்லாம் அவள் துடைப்பத்துக்கு. விளக்கு வைக்கிற நேரம் என்றால் எத்தனை மணி என்று கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. எல்லோர் வீட்டிலும் விளக்கு இருந்தது, அதனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

துளசி மலையோரத்தில் ராசா என்கிற ஊரில் இருப்பவள். ரவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டில் அத்தனை பேரும் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், படித்து இந்த வேலைக்கு வந்தாள். இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆற்றோரத்துக் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்க ஆட்களை ஏற்றிப் போகிற படகுக்காரர்களுக்கு, யாருடைய முறை எப்போது என்று சண்டையில்லாமல் சொல்கிற ஒரு மென்பொருள் வேண்டும் என்றார்கள். மகேந்திரன் அதைத் துளசியிடம் கொடுத்தார். "போட்டுக்காரங்க சரின்னு சொல்லிட்டா துளசி நம்ம ஆளு. இல்லன்னா பாப்போம் லா" என்றார். அவர் பாப்போம் என்று சொன்ன எதையும் அதற்கப்புறம் பார்த்ததில்லை என்பது கம்பெனி முழுவதும் அறிந்த ரகசியம்.

படகுக்காரர்களுக்குக் காட்டப் போகிற நாளுக்கு முந்தின நாள், கோலா சிலாங்கூரில் கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. விளக்கு வைக்க இன்னும் நேரம் கிடந்தது. ஆனால் அதற்குள் வீட்டுக்குள் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. இடி இறங்கியது. அன்று லோரி எடுக்காமல் வீட்டில் இருந்த தேவன் சாமி மேடைக்கு முன்னால் தீப்பெட்டியோடு நின்றான்.

"அரசி, கும்முன்னு இருட்டிடுச்சி. கரண்டு போனாலும் போயிடும். வெளக்க ஏத்திடட்டா?"

"இருங்க இருங்க. கூட்டிக்கிறேன்."

கூடத்தை விறுவிறுவென்று கூட்டினாள். பிறகு லேப்டாப்பின் முன் குனிந்து நின்றபடியே அந்த ஒரு வரியைத் தட்டினாள். நிறுத்தி வைத்திருப்பவை எல்லாம் போய்விடும், சரிதானா என்று டெர்மினல் கேட்டது. தினமும் கேட்கிற கேள்விதான். தினமும் சொல்கிற பதிலைச் சொன்னாள். தேவன் குச்சியைக் கிழித்தான். மழை கொட்டத் தொடங்கியது. வீடு கூட்டி விளக்கேற்றிவிட்ட நிம்மதியோடு அவள் தேத்தண்ணி கலக்கப் போனாள்.

பாதித் தேத்தண்ணியில் துளசி கூப்பிட்டாள்.

"அக்கா, என் கன்டெய்னர் எழும்ப மாட்டேங்குது. அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்குது. சர்வர்ல ஏதும் பிரச்சினையா?"

அன்பரசி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீ வெளிய எடுத்து வைக்கலியா?"

"இல்லக்கா. பாசார் மாலாம் சந்தைல காய் வாங்கிட்டு வந்துடலாம்னு, நீங்க சொன்ன மாதிரி நிறுத்திட்டுத்தான் போனேன். வந்து எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

"துளசி, வெளக்கு வச்சாச்சும்மா."



"வெளக்கா? அக்கா, இங்க இன்னும் வெயில் அடிக்குது."

இந்த ஒரு சொல்லில் அன்பரசியின் சட்டம் முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்துபோனது. கடலோரத்து மேகத்தை நம்பி, மலையோரத்தில் இருக்கிறவளின் உழைப்பைக் கூட்டித் தள்ளியிருக்கிறாள். துளசி சட்டத்தை மீறவில்லை. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். நிறுத்தியதால்தான் போனது. ஓட விட்டிருந்தால் துடைப்பம் அதைத் தொட்டிருக்காது.

சர்வரில் பிரச்சினையா என்று துளசியே கேட்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சர்வர் வந்து மறுக்கப் போவதில்லை. அன்பரசி அதை நினைக்காமல் இல்லை. நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சர்வர்ல ஒண்ணும் இல்ல. நான்தான் அழிச்சிட்டேன். இங்க மழ இருட்டு. சாயங்காலம் ஆயிடுச்சின்னு கூட்டிட்டேன். திரும்ப எடுக்க வழியில்லம்மா."

"நாளைக்கிப் போட்டுக்காரங்களுக்குக் காட்டணுமேக்கா."

"தெரியும்."

"எனக்கு அழுகையா வருது. நீங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம இருங்க."

அன்பரசி பேசாமல் இருந்தாள். போனை வைக்கவும் இல்லை. ராசாவில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவதும், இங்கே தகரக் கூரையில் மழை அடிப்பதும் அவளுக்கு ஒன்றாகக் கேட்டன. தேவன் எட்டிப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு, அடுப்பில் தானே சோற்றை ஏற்றினான்.

"சரிக்கா, தொறங்க" என்றாள் துளசி கடைசியில். "புதுசா ஒண்ணு தொறங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

விளக்கு வைத்த பிறகு கூட்டத்தான் கூடாது. திறக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அன்பரசி புதிய கன்டெய்னரைத் திறந்தாள். துளசி போனிலேயே இருந்து சொல்லச் சொல்ல, அன்பரசி அதை ஏஐக்குத் தட்டிக் கொடுத்தாள். படகுக்காரர்களிடம் போய் உட்கார்ந்து அவள் கேட்டு வந்த வழக்கங்கள் எல்லாம் தலைக்குள் பத்திரமாக இருந்தன. எந்தக் கமாண்டும் அவற்றை அழித்திருக்கவில்லை. ஏஐயும் சலிக்காமல் எழுதியது. இதைத்தானே அப்போதே எழுதிக் கொடுத்தேன் என்று முகம் சுளிக்கத் தெரியாத ஜென்மம் அது, அந்த ஒரு விஷயத்துக்காக அதைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அன்பரசி அதை வெளியே எடுத்து வைத்தாள். எடுத்ததையே இன்னொரு தரமும் எடுத்தாள்.

பாதி தாண்டியபோது துளசி நிறுத்தச் சொன்னாள்.

"முறை வந்து கொஞ்ச நேரத்துல படகு எறங்கலன்னா, முறை அடுத்தவருக்குப் போயிடணும்னு முன்னாடி எழுத வச்சிருந்தேன் அக்கா."

"ஆமா. அதையே சொல்லு."

"வேணாம். மழ பேஞ்சா ஆத்துல ஒரு படகும் எறங்காது. மணி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். ஒருத்தரும் எறங்காமலே எல்லார் முறையும் போயிடும். இன்னைக்கி எனக்கு ஆனது அவங்களுக்கும் ஆயிடும்."

அன்பரசி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணியைப் பார்த்திருக்க வேண்டியவள் வானத்தைப் பார்த்தாள். வானத்தைப் பார்க்க வேண்டிய படகுக்கு மணிக்கணக்கைக் கட்டியிருந்தாள் துளசி. மழை என்று ஒரு பொத்தான் வைக்கச் சொன்னாள் துளசி. அழுத்தினால் முறைகள் அப்படியே நிற்க வேண்டும். மழை விட்டதும் விட்ட ஆளிடமிருந்தே தொடர வேண்டும். தேவன் சாப்பிடக் கூப்பிட்டபோது வேலை முடிந்திருந்தது.

மறுநாள் காலையில் அன்பரசி மகேந்திரனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. அவர், "வெளக்கெல்லாம் வேணாம் லா, அன்பரசி. மணி வச்சி தானா கூட்டுற மாதிரி செஞ்சிடுங்க" என்றார். அவள் சரி என்றாள். திட்டியிருந்தால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்போங் குவாந்தானுக்குத் தேவன் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டான். படகுத்துறைக்குப் பக்கத்தில் நீள மேசை போட்டு, படகுக்காரர்கள் கோப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்பே வந்திருந்த மகேந்திரனுக்குப் பக்கத்தில் நின்று துளசி மலாயில் விளக்கினாள். கண் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. யாரும் பிடிகொடுத்துப் பேசவில்லை. அவர்களில் மூத்தவரான பாக் ஹாஷிம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

"ஹுஜான் மாச்சாம் மானா?" என்றார். மழை வந்தால் எப்படி?

துளசி பொத்தானை அழுத்தினாள். திரையில் இருந்த பெயர்கள் அப்படியே நின்றன. மறுபடி அழுத்தினாள். யார் பெயரில் நின்றதோ அவர் பெயரிலிருந்தே தொடர்ந்தது. பாக் ஹாஷிம் அந்தப் பெயருக்குரியவரின் முதுகில் ஓங்கித் தட்ட, மேசை முழுவதும் சிரிப்பு. "போலே லா" என்றார் பாக் ஹாஷிம், ஆகட்டும் என்று. அதற்குமேல் அங்கே கேட்க எதுவும் இல்லை. மகேந்திரன் துளசியிடம், "திங்கக்கெழம ரவாங் ஆபீசுக்கு வந்துடுங்க, வேலைய நிரந்தரமாக்கிடலாம்" என்றார். இந்த முறை பாப்போம் என்று சொல்லவில்லை. துளசி அன்பரசியைத் திரும்பிப் பார்த்தாள். அன்பரசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மணி வைத்து ஓடுகிற கமாண்டை அவள் எழுதத்தான் எழுதினாள். ஆனால் அது எதையும் அழிக்காது. யார் யாருடைய கன்டெய்னர் இன்னும் நிறுத்தியபடி இருக்கிறது என்று மட்டும் அவளுக்குச் சொல்லும். அன்று சாயங்காலமே அதில் ஒரு பெயர் வந்தது. துளசி. வானம் தெளிவாக இருந்தது. தேவன் தீப்பெட்டியோடு வந்து நின்றான்.

அன்பரசி போனை எடுத்து எழுதினாள்: "துளசி, அங்க இருட்டிடுச்சா?"

"இன்னும் இல்லக்கா. கொஞ்சம் பொறுங்க, எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"பொறுக்கணுமாம்" என்றாள் தேவனிடம்.

"நானா, லட்சுமியா?" என்றான் அவன்.

"ரெண்டு பேருந்தான்."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்தது. எதிர்வீட்டில் அமராவதி விளக்கேற்றிவிட்டாள். அன்பரசிக்கு நினைவு தெரிந்து, அவள் இருந்த வீட்டில் விளக்கு இவ்வளவு தாமதமானதில்லை. தேவன் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, கிழிக்காமல் நின்றான். அவளுக்கு உள்ளுக்குள் படபடப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் அவசரப்படவில்லை.

போன் ஒளிர்ந்தது.

"எல்லாம் வெளிய எடுத்துட்டேன் அக்கா. இங்க இப்பதான் வெளக்கேத்தப் போறேன். நீங்க கூட்டிக்கோங்க."

அன்பரசி கூட்டினாள். பிறகு தேவனைப் பார்த்து, "ஏத்துங்க" என்றாள்.