பிள்ளையின் போனுக்குப் பூட்டு

கோப்பாயில் போன் திருத்தும் அந்த மனிதர் அன்று என்னைப் பார்த்துச் சிரித்தாரா, இரக்கப்பட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூக்கு நுனியில் கண்ணாடி. வாடிக்கையாளர் கடவுச்சொல் போடும்போதெல்லாம் அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார். "போட்டாச்சு" என்றால்தான் தலை இறங்கும்.

முன்பின் தெரியாதவர்கள் என் பதின்மூன்று வயது மகளோடு கதைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவளுடைய போனை நீட்டி, அவளுக்குத் தெரியாமல் வேவு பார்க்க ஏதாவது போட்டுத் தரச் சொன்னேன்.

"முதல் உங்கடை பேஸ்புக்கைத் திறவுங்கோ, தங்கச்சி."

திறந்தேன். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுப் படங்கள், ஆலாத்தி எடுத்ததிலிருந்து மயிலாசனத்தில் இருத்தியது வரை, அவளுடைய பெயர், பள்ளிக்கூடம், வீட்டு வாசலோடு யாரும் பார்க்கலாம் என்று கிடந்தன.

"இதயம் போட்டிருக்கிற உந்த மீசைக்காரன் ஆர்?"

"தெரியாது அண்ணை."

"படம் போடேக்கை பிள்ளை என்ன சொன்னவ?"

"வேண்டாமெண்டு அழுதவள்."

"அப்ப பிள்ளைக்கு நல்லது கெட்டது விளங்குது. அவவின்ரை போனைக் கொண்டுபோய்க் குடுங்கோ. உங்கடையைத் தாங்கோ, அதைப் பூட்டுவம்."

படங்களை அங்கேயே அழித்தேன். ஆனால் கனடாவிலுள்ள மாமி அவ்வளவையும் தன் பக்கத்திலும் போட்டிருக்கிறார். படங்களில் மகள் கட்டியிருக்கும் சேலையை வாங்கி அனுப்பியவரும் அவரே. அவர் கோபிக்காமல் அவற்றை அழிக்க வைப்பது எப்படி? வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.