இழுத்துப் பிடித்தால் ஓடுகிற வண்டி

மூன்றாவது சிவப்புக் கோடு விழுந்தால் ஓசூர். ஹெட் கிளார்க் இதை எனக்கு இரண்டு முறை சொன்னார். முதல் முறை அதட்டிச் சொன்னார்; எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை சிரித்துக்கொண்டே சொன்னார்; அன்று மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை.

நாமக்கல்லில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. குடியிருந்ததோ பதினோரு மைல் தள்ளி, பரமத்தி வேலூரில். அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் என் மனைவி வாத்தியாரம்மா. காலையில் பத்து மணிக்கு மேல் வருகிறவன் பெயருக்கு எதிரே வருகைப் புத்தகத்தில் சிவப்பு மசியால் ஒரு கோடு விழும். எனக்கு இரண்டு விழுந்திருந்தன. மூன்றாவதும் விழுந்து என்னை ஓசூருக்கு மாற்றினால், அவள் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் நான் அங்கே தனியாகப் பொங்கித் தின்ன வேண்டும்.

"வேலைய நான் உடமாட்டனுங்க. நீங்க நேரத்துக்குப் போறதுக்கு என்ன வழின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இப்படித்தான்.

வழி என்றால் பஸ்தான். வேலூர் பஸ் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவதில்லை, வெற்றிலைக் கூடையைப் பார்த்துக் கிளம்பும். கொடிக்காலிலிருந்து கூடைகள் வந்து, மேலே ஏறி, ஈரச் சாக்குப் போட்டுக் கட்டி முடிந்தால்தான் டிரைவர் பீடியை அணைப்பார். ஒரு நாள் கண்டக்டரிடம் கெஞ்சினேன்.

"சாமி, வெத்தல காத்திருந்தா வாடிப் போயிருமுங்க. நீங்க வாடுனா சாயந்திரம் ஊட்டுக்குப் போயிச் செரியாயிருவீங்க" என்றார்.

சைக்கிளும் பார்த்தாயிற்று. மிதித்து மிதித்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தவுடன் மேஜை மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். ஹெட் கிளார்க் அதற்குக் கோடு போடவில்லை. என் காதருகே தடித்த பதிவேடு ஒன்றைத் தொப்பென்று போட்டார்.

அன்று சாயந்திரம் வீட்டில் சொன்னேன்: மோட்டார் சைக்கிள் வாங்கியே தீருவது. சொன்னது வாய் மட்டும். கை, கால், வயிறு எதையும் அது கலந்துகொள்ளவில்லை. எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. பின்னால் வருகிற காரின் ஹாரனுக்கே வேலி தாண்டி நிற்கிற ஆள் நான். ஆனால் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்படிப் பின்வாங்குவது?

துணைக்கு மச்சானை அழைத்துக்கொண்டேன். என் மனைவியின் அண்ணன். வாழையும் கொடிக்காலும் வைத்திருந்தவர். சுற்றுப்பட்டில் யார் எருது வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்க விட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். மோட்டார் சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். எனக்கும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சூரமங்கலம் போனோம். அங்கே ரயில்வேக்காரர்களின் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரர் ஒருவரிடம், மாற்றலாகிப் போனவர்கள் விட்டுப்போன இரண்டு வண்டிகள் விலைக்கு நின்றன. ஒன்று சிவப்பு. பெரிய டாங்கி, பளபளவென்று நிக்கல், பார்க்கும்போதே நெஞ்சை நிமிர்த்த வைக்கும். இன்னொன்று எலி நிறம். அதைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது.

நான் நேரே சிவப்பிடம் போய் நின்றேன். ஹெட் கிளார்க்கின் ஜன்னலுக்கு வெளியே இதில் போய் இறங்குவது போல ஒரு படம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நான் கொஞ்சம் ஒல்லியாகக்கூட இருந்தேன்.

மச்சான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டினார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது படுக்குமுங்களா?"

பட்டறைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "படுத்தா நீங்கதான் தூக்கணும். ரெண்டு ஆள் வேணும்."

"முட்டுமா?"

"எதுக்க ஆள் நின்னா முட்டும்."

"செரி. மாப்ள, ஏறி ஒரு நட நடத்துங்க, பாக்கலாம்" என்றார் மச்சான் என்னிடம்.

பட்டறைக்கு முன்னால் ஒரு பொட்டல். அதன் மறுகோடியில் யாரோ சோளத்தட்டைப் போராக அடுக்கியிருந்தார்கள். பட்டறைக்காரர் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். வலது கைப்பிடியைத் தன் பக்கமாக முறுக்கினால் வேகம், காலடியில் இருப்பது பிரேக், இடது கையில் இருப்பது கிளச்சு. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். காதில் விழுந்தது என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் மட்டும். அவரே உதைத்துக் கிளப்பி, கியரைப் போட்டுக் கொடுத்து விலகிக்கொண்டார்.

முதல் பத்து கஜம் நான் ராஜா. பதினோராவது கஜத்தில் சோளத்தட்டுப் போர் என்னை நோக்கி வருவதாகத் தோன்றியது. நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் பிறந்தவன் ஓடுகிற ஒன்றை எப்படி நிறுத்துவான்? கயிற்றைத் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பான். சிறு வயதிலிருந்து வண்டி மாட்டை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, "ஹோ! ஹோ!" என்று இழுத்தேன்.

வண்டி பாய்ந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். இன்னும் பாய்ந்தது. இழுக்க இழுக்க ஓடுகிற ஒரு மிருகத்தை நான் அதுவரை கண்டதில்லை. அதன் மூக்கில் கயிறு இருக்கிறதா இல்லையா என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு சோளத்தட்டுதான் ஞாபகம் இருக்கிறது.

என்னை உருவி எடுத்தது மச்சான். "மாப்ள, அடி ஏதாச்சும் பட்டுதுங்களா?"

"இல்லைங்க மச்சான். வண்டி நல்லா இழுக்குது" என்றேன், வாயில் இருந்த தட்டையைத் துப்பிவிட்டு.

"வண்டி இழுத்துது, நீங்களும் இழுத்தீங்க. யாரு செயிச்சதுன்னு நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பட்டறைக்காரர் சிவப்பு வண்டியைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு போனார். விலை பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று என் கால்கள் இரண்டும் ஏகமனதாகச் சொல்லின. திரும்பினால் திங்கட்கிழமை காலையில் அதே பஸ், அதே கூடை. கூடைக்கு அந்தப் பக்கம் ஓசூர். மேல்துண்டை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டினேன்.

"அந்த எலி நிற வண்டியை எடுங்க" என்றேன்.

அதில் வேகத்துக்கு முறுக்குப் பிடி கிடையாது. கட்டை விரலால் நகர்த்துகிற சின்னக் குச்சி ஒன்று இருந்தது. வைத்த இடத்தில் அது அப்படியே நிற்கும். ஏறினேன். பொட்டலில் பாதி தூரம் போனதும் வழக்கம்போல எனக்குப் பயம் வந்தது. வழக்கம்போல "ஹோ" என்று இழுத்தேன். வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு அதே நடையில் போய்க்கொண்டிருந்தது. மச்சான் பக்கத்திலேயே நடந்து வந்தார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

"நல்லா இழுங்க மாப்ள. அது ஒண்ணும் நெனச்சுக்காது" என்றார்.

நான் கத்துவதைப் பொருட்படுத்தாத வண்டிதான் எனக்கு வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. ஊரில் எல்லோரும் வேகம் கேட்டார்கள், அழகு கேட்டார்கள். என் பயத்துக்கு மரியாதை கொடுக்காத வண்டியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மச்சானுக்கு அதுவும் போதவில்லை. பின்னால் இருந்த இரும்புத் தட்டில் அவரே ஏறி உட்கார்ந்து, ரயில்வே கேட் மேட்டில் பாதியில் நிறுத்தச் சொன்னார். எருதை அவர் இப்படித்தான் சோதிப்பாராம்: பாரத்தோடு ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி எழுப்பிப் பார்ப்பது. வண்டி இருமியது, முனகியது, பிறகு எங்கள் இருவரையும் மேலே கொண்டுபோய் விட்டது. மறுபக்கத்து இறக்கத்தில் குச்சியை நானாகவே ஒரு நூல் தள்ளினேன். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைத்தது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பின்னால் மச்சான், "போதுமுங்க, போதுமுங்க!" என்று என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் பக்கத்தில் பிறந்தவர்தானே.

மறுநாள் பட்டறைக்காரரே வேலூருக்கு ஓட்டி வந்து கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். நான் காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவு எழுதி அனுப்பினேன். அதில் பொய் அதிகமில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மனைவி என்னை வாசலில் ஒரு பெஞ்சின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரவைப்பாள். என் கையில் ஒரு மூங்கில் குச்சி; அதுதான் கைப்பிடி.

"எதுக்க மாடு வருது. என்ன பண்ணுவீங்க?"

"இழுப்பேன்."

"அய்யோ! கால அமுத்தோணுமுங்க. கைய இழுக்கக் கூடாது. மறுபடியும். எதுக்க பஸ்ஸு வருது."

"அமுத்துவேன்."

"எத?"

"கால."

"எந்தக் கால?"

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அமுத்தினேன். பெஞ்சில் பழகி, பிறகு ஆற்றோரப் பாதையில் வண்டியில் பழகி, ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்துக்கு ஏழு முறை சரியான காலை அமுத்தினேன். மீதி மூன்றுக்கு வேலூர் தெய்வங்கள் பொறுப்பு.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். பஸ் நிலையத்தில் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன. கண்டக்டர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது தெரிந்தது; கையாட்ட ஆசைதான், கையை எடுக்கத் தைரியமில்லை. பரமத்தி தாண்டியதும் சந்தைக்குப் போகிற மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. "ஹோ!" என்று வாய் கத்தியது. கை இழுத்தது. நல்லவேளை, காலும் அமுத்திவிட்டது. வண்டி நின்றது, ஆச்சரியம், மாடுகளும் நின்றன. ஓட்டி வந்தவர் மட்டும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. முகம், மீசை, புருவம் எல்லாம் புழுதி. ஹெட் கிளார்க் அப்போதுதான் சிவப்பு மசிப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தார். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன். பதினோரு மைல் அதிர்ந்து வந்த கை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எறும்பு மசியில் விழுந்து எழுந்து ஓடியது போல ஏதோ விழுந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "யாரோட கையெழுத்துய்யா இது? இத நான் ஒத்துக்க முடியாது."

"என்னுதுதானுங்க. அஞ்சு நிமிசம் பொறுங்க, அடங்கிரும். மறுபடி போடறேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். சிவப்பு மசிப் புட்டியை மூடிவிட்டு, "உக்காரும்" என்றார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தேன். பத்து அடிப்பதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, என் பெயரை முழுதாக, இன்ஷியலோடு போட்டுக் கொடுத்தேன்.