உந்த வயரும் இந்த வயரும்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பயப்படவும் கொஞ்சம் மூளை வேண்டுமே, அது எனக்கு இல்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். நானாக இருந்தால் பாதியிலேயே எழும்பிப் போயிருப்பேன்.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் அப்போது கார்த்தி வாடகைக்கு இருந்தான். கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, நல்லவன், என்னுடைய பேச்சை நம்புகிற அளவுக்கு நல்லவன். அந்த வருடம் நான் ஒரு பழைய ஸ்னோமொபைல் வாங்கினேன், பனிக்கு மேலே ஓடுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி ஒன்று. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உதில ஏறி எங்க போகப் போறியள், கோயிலுக்கோ?" என்று கேட்டாள்.

ஓடினால் நன்றாக ஓடும், நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் வராது. பற்றரிக்குச் சார்ஜ் ஏறுவதே இல்லை. இழுத்து ஸ்டார்ட் பண்ண ஒரு கயிறும் இருந்தது, அது முதல் நாளே நான் இழுத்த இழுவையில் கையோடு வந்துவிட்டது. மிசிசாகாவில் கராஜ் வைத்திருக்கிற பாபு அண்ணைக்குப் போன் போட்டேன்.

"புதுப் பற்றரி போட்டாப்போல காணாதடா," என்றார். "எஞ்சின் ஓடேக்க மீற்றர் வச்சுப் பார். பதினாலு வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டாட்டி, பற்றரியில பிழையில்லை, சார்ஜ் வாற வழியிலதான் பிழை."

"ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றேன். மீற்றரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். புதுப் பற்றரி மட்டும் வாங்கிப் போட்டேன். உடனே ஸ்டார்ட் வந்தது. அன்று முழுக்க நான் எஞ்சினியர்.

அடுத்த நாள் மெஷினை வாகனத்துக்குப் பின்னால் ட்ரெயிலரில் கட்டி, கார்த்தியையும் ஏற்றிக்கொண்டு வடக்கே ஒரு ஏரிக்குப் போனேன். வேலை நாள், உறைந்த ஏரியில் ஈ காக்கை இல்லை. என்ன ஒரு ஓட்டம் தெரியுமா! கார்த்தி பின்னால் இருந்து கத்துகிறான், நானும் கத்துகிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மெஷினும் கத்துகிறது. நடு ஏரியில் படம் எடுக்கலாம் என்று எஞ்சினை நிறுத்தினேன். படம் எடுக்க எஞ்சினை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் நான் அப்படித்தான்.

கார்த்தி இறங்கினான். பனிக்குக் கீழே, ஐஸுக்கு மேலே தண்ணீர் நின்றிருக்கிறது. வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது, கையில் இருந்த போனும் தண்ணீருக்குள் போனது. அவனைத் தூக்கி சீற்றில் இருத்திவிட்டு ஸ்டார்ட் பட்டனை அமத்தினேன். டிக். திரும்ப அமத்தினேன். டிக்.

அந்த நேரம் பார்த்துக் காற்றும் பனியும் எழும்பி, கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளை. மத்தியானம்தான், ஆனால் ஒன்றும் தெரியவில்லை. கார்த்தியைக் காற்றுக்கு முதுகு காட்டிப் பின்பக்கமாகத் திருப்பி இருத்தி, இருந்த தார்ப்பாயால் தலையோடு மூடினேன்.

"அண்ணா, கால் எரியுதுண்ணா," என்றான் உள்ளே இருந்து.

கொஞ்ச நேரத்தில், "அண்ணா, இப்ப எரியல," என்றான்.

எரியாத காலை வெட்டித்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மூளையுள்ளவன் 911-க்கு அடிப்பான். நான் பாபு அண்ணைக்கு அடித்தேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான், வீடு பற்றி எரிந்தாலும் முதலில் தெரிந்த ஒரு அண்ணையிடம் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவோம். போனைத் தொப்பிக்குள் காதோடு செருகிக்கொண்டு முன்பக்க மூடியைத் திறந்தேன்.

"அண்ணை, சார்ஜ் ஏறேல்லை, நடு ஏரியில நிக்கிறன்!"

கர கர என்று ஒரு சத்தம். பிறகு குரல் வந்தது, நிதானமாக.

"பதறாதை. உந்தப் பற்றரியைக் கழட்டு."

கழற்றினேன்.

"ஜக்கெற்றுக்குள்ள வச்சு வயித்தோட அணை. குளிரில செத்தது மாதிரிக் கிடக்கும், சூடு பட்டால் ஒருக்கால் எழும்பும்."

இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, எட்டு மாதக் கர்ப்பிணி மாதிரிப் பனியில் குந்தினேன்.

"உந்த வயிறு இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனத்துக்கு வந்திருக்கு," என்றது குரல். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எழும்பினாலும் பிறகு சார்ஜ் ஏறாதே அண்ணை?"

"அது இந்த மஞ்சள் வயரடா. இந்தச் சொக்கெற் அதிர்ந்து அதிர்ந்து கழண்டு கிடக்கு. இப்ப சரி."

டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"போட்டு ஒரே ஒருக்கால் அமத்து. நிப்பாட்டாமல் போ."

பற்றரியைப் பூட்டி அமத்தினேன். நம்பினால் நம்புங்கள், மெஷின் யானை மாதிரிப் பிளிறியது! பனியும் கொஞ்சம் விலகிக் கரை தெரிந்தது. அங்கிருந்து வாகனத்துக்கு, வாகனத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கால்விரல்கள் போயிருக்கும் என்றார் டாக்டர். கார்த்தி அழுதான், நான் அவனைவிடப் பெரிதாக அழுதேன்.

பாபு அண்ணைக்கு நன்றி சொல்லலாம் என்று போனை எடுத்தால் அது செத்துக் கிடந்தது. சுவரில் செருகி உயிர் வந்ததும் அவரே கூப்பிட்டார்.

"எடேய், உயிரோட இருக்கிறியோ? நடு ஏரியில நிக்கிறன் எண்டாய், அதோட கட்டாயிட்டுது! எத்தினை தரம் எடுத்தன் தெரியுமே? பொலிஸுக்கும் அடிச்சிட்டன்."

"நீங்கள்தானே அண்ணை பற்றரியை வயித்தோட அணைக்கச் சொன்னியள்?"

"வயித்தோடயோ? ஆரடா உனக்கு உதைச் சொன்னது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்கு விளங்குகிறதோ தெரியாது. எங்கள் பேச்சில் கேட்கிறவன் பக்கம் இருப்பது 'உந்த', பேசுகிறவன் பக்கத்தில் இருப்பதுதான் 'இந்த'. மிசிசாகாவில் இருந்து பேசுகிறவருக்கு என் மெஷினின் வயர் 'உந்த வயர்'. 'இந்த வயர்' என்றால் அதற்குப் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டும். அந்த டக் சத்தமும் என் காதுக்குள் கேட்கவில்லை, மெஷினின் மற்றப் பக்கத்தில் கேட்டது.

அடுத்த கிழமை பாபு அண்ணை வந்து மீற்றர் வைத்தார். பதினாலு காட்டியது. மஞ்சள் வயர் செருகுகிற சொக்கெற்றைப் பார்த்துவிட்டு, "ஆரோ வடிவாய்ச் செய்திருக்கிறான், நீயில்லை," என்றார்.

மெஷினை விற்றேன். குளிரில் மூளை பிசகியிருக்கும், சத்தத்தைக் குரல் என்று நினைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லாத மூளை எப்படிப் பிசகும் என்று கேட்காதீர்கள்.

கார்த்தி இப்போது விட்பியில் வீடு வாங்கிப் போய்விட்டான். போன குளிர்காலத்தில் ஒருநாள் எங்களிடம் சாப்பிட வந்தான். சாப்பிட்டுக்கொண்டே என் மனைவியிடம் சொன்னான்:

"அக்கா, அன்னிக்கு அண்ணா தார்ப்பாய்க்குள்ள கையை விட்டு, ஷூவைக் கழட்டி, ரெண்டு கையாலயும் என் காலைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தாரு. இல்லன்னா எனக்கு விரலே இருந்திருக்காது."

என் இரண்டு கையும் பற்றரியில் இருந்தன. நான் "ஓம் ஓம்" என்று சோற்றைப் பிசைந்தேன்.

"அந்தக் குளிர்லயும் எப்டிண்ணா உங்க கை அவ்ளோ சூடா இருந்துச்சு?"

"இவற்ற கையோ?" மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "வெய்யில் காலத்திலயே ஐஸ்!"

கார்த்தி விளையாட்டாக என் இடது கையைப் பிடித்துப் பார்த்தான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். கையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "இது இல்லண்ணா," என்றான்.